பலாப்பழப் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு பெட்டிக்காரி இருந்தாளாம். பேரு செம்பாயி. மரத்துல ஆமைப் பெட்டி, கிளிப் பெட்டி, பூசணிக்காப் பெட்டின்னு செதுக்கி, பளபளன்னு சாயம் பூசுவா. ம் கொட்டுடி, நான் என்ன செவுத்துக்கா சொல்றேன்?

மழைக்கு மரம் ஊதும்ல? அதனால மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு அரிசி நுழையற அளவு இடம் விடுவா. அதுல அவ தப்பினதே இல்ல.

அவளுக்கு ஒரே மக, நவமணி. ஐப்பசியில கல்யாணம். மொதநாளு நவமணி, "அம்மா, மருதாணி வச்சுவிட வாயேன்"னு கூப்பிட்டா. செம்பாயி உளிய விட்டு எந்திரிக்கல. டக் டக் டக்.

"உனக்கு மரந்தான் புள்ள! நான் யாரோ!" அப்படின்னுட்டா நவமணி. கேக்கவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

மறுநாள் வண்டி கெளம்பறப்போ செம்பாயி ஒரு பலாப்பழப் பெட்டியக் குடுத்தா. மேல முள்ளு முள்ளா செதுக்கி, மஞ்சளும் பச்சையுமா சாயம். "போய்த் தொறந்து பாரு"ன்னா. அவ்ளோதான்.

வழியெல்லாம் மழை. சோ...ன்னு! அங்க போய்ப் பாத்தா மூடி வரல. அப்போ புருஷன் இழுத்தான். ம்ஹூம். அப்புறம் மாமியார் வெளக்கெண்ணெய் தடவிப் பாத்தா. வழுக், வழுக். ம்ஹூம். அப்புறம் மாமனார் கோடாலியத் தூக்கிட்டு வந்தாரு. "பொளந்துரட்டுமாம்மா?"

"வேணாம் மாமா!"ன்னு நவமணி பெட்டியக் கட்டிக்கிட்டா. கோவம் இருந்தாலும் அம்மா கை பட்டதாச்சே. ஆனா மனசுக்குள்ள, 'எங்கம்மா அளவு தப்பவே மாட்டா. வேணும்னேதான் தொறக்க வராம மூடிக் குடுத்திருக்கா. இனிமே அந்த வாசல மிதிக்க மாட்டேன்'னு நெனச்சுக்கிட்டா.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

கார்த்திகை போச்சு, தை போச்சு. அம்மா சொல்லி அனுப்பியும் இவ போகல. அப்புறம் பங்குனி வெயில் வந்துச்சு. ஒரு மத்தியானம், 'டப்'! மூடி தானா எழும்பிக்கிச்சு.

பெட்டிக்கு உள்பக்கம் யாரும் சாயம் பூச மாட்டாங்க. இதுல பூசியிருந்துச்சு. மூடியோட உள்பக்கத்துல செதுக்கின படமா, மரச்சுருள் குவியல் மேல ஒரு சின்னப் புள்ள தூங்குது. ஒரு பக்கம் ஜடை அவுந்து கெடக்கு. சின்னதுல நவமணி அப்படித்தான் தூங்குவா. அன்னைக்கு அம்மா எந்திரிக்காம செதுக்கினது இதத்தான்னு அப்பதான் புரிஞ்சுது. ஓன்னு அழுதா.

அன்னைக்கே வண்டி ஏறிப் போயிட்டா. செம்பாயி உளியும் கையுமா உக்காந்திருந்தா.

"ஏண்டி இத்தன மாசம்?"

"மூடி தொறக்கலம்மா. அரிசி வச்சுப் பாக்கலியா நீ?"

"வச்சேன்டி. கண்ணு நெறைய தண்ணி. அரிசி எங்க தெரிஞ்சுது?"

நவமணி அம்மா கையில இருந்த உளிய வாங்கிக் கீழ வச்சா. மருதாணி பறிச்சு அரைச்சுட்டு வந்து, காய்ப்புக் காய்ச்ச அந்த ரெண்டு உள்ளங்கையிலயும் வட்ட வட்டமா வச்சுவிட்டா. அது காயற வரைக்கும் செம்பாயி எந்த வேலையும் பாக்க முடியாம மகளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளாம்.

பெட்டி தொறந்துச்சு, கதை மூடிக்கிச்சு. நீயும் கண்ண மூடிக்கோ.