பந்து கொண்டுபோகிறவள்

"எனக்கு எப்பதான் ஓய்வு, கோச்?" என்று கேட்டாள் தனக்கொடி.

பர்வீன் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முஷ்டியைத் தூக்குங்கக்கா. வெளிய எடுத்துருதேன்."

சிஷ்யைக்கு நாற்பதை எட்டும் வயது. குரு அவளைவிடச் சின்னவர். கூடைப்பந்து கோர்ட்டில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

முஷ்டி என்பது அந்த அணியின் வழக்கம். ஆட்டத்தில் முடியாமல் போனால் முஷ்டியை உயர்த்த வேண்டும். ஏன் என்று கோச் கேட்க மாட்டார். ஆட்டம் நின்றதும் வேறொருத்தியை உள்ளே அனுப்புவார். மூச்சு திரும்பியதும் வெளியே வந்தவள் தானே கேட்டு உள்ளே போகலாம்.

எல்லோரும் தூக்கியிருக்கிறார்கள். தனக்கொடி மட்டும் தூக்கியதில்லை.

"நான் வெளிய வந்துட்டா பந்தை யாரு கொண்டு போவா?"

"தெரியல" என்றார் பர்வீன்.

இதெல்லாம் ஒரு பதிலா? தனக்கொடிக்கு எரிச்சலாக வந்தது.

அவள் பாயிண்ட் கார்டு, அணியில் பந்தைக் கொண்டுபோகிறவள். எதிரணி கூடை போட்டதும் பந்தை வாங்கித் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எட்டு விநாடிக்குள் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாண்டிய பிறகுதான் மற்ற நால்வருக்கும் வேலை.

நால்வரில் எப்சிபா என்ற நெட்டைப் பெண் சென்டர். வளையத்தின் கீழே நிற்பவள். அவள் பந்தைத் தட்டினால் அது காலில் பட்டு எங்காவது ஓடும்.

"நீ தட்டாத தாயி. பிடி, போடு. அது போதும்" என்று தனக்கொடி முதல் நாளே சொல்லியிருந்தாள். எப்சிபா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

தனக்கொடி வீட்டிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வீட்டுக்கு வந்தால் படுத்த படுக்கையாக மாமனார். அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊட்டக்கூட வேறு யாரையும் விடமாட்டாள். பிறகு அலுத்துக்கொள்வாள்.

சாயங்காலம் கோர்ட்டில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அங்கேயும் களைப்புதான். ஆனால் அது அவளுடைய களைப்பு.

அதற்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. இந்த வருடமும் முதல் சுற்றிலேயே தோற்றால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவோம் என்று கிளப் செயலாளர் சொல்லிவிட்டார்.

முதல் சுற்று வந்தது.

எதிரணியில் அத்தனை பேரும் கல்லூரிப் பெண்கள். பந்து யாரிடம் வரும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க இருவர் தனக்கொடியை விட்டு நகரவில்லை. எட்டு விநாடி கடந்து பந்து பறிபோனது. மறுபடியும் பறிபோனது.

கடைசிக் கால் நிமிடம். எதிரணி கூடை போட்டு ஒரு புள்ளி முன்னே போனது. கடிகாரம் நின்றது.

தனக்கொடிக்குக் கால் இரண்டும் கடுத்தன. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

முஷ்டியைத் தூக்கினாள்.

பர்வீன் பார்த்தார். பெஞ்சில் இருவர் இருந்தார்கள். இருவருமே ஐந்து ஃபவுல் செய்து வெளியேற்றப்பட்டவர்கள். இனி உள்ளே போகக் கூடாது. டைம் அவுட்டும் தீர்ந்துபோயிருந்தது.

பர்வீன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

தனக்கொடிக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரே ஒரு தடவை கேட்டால் இதுதான் கிடைக்குமா?

பந்து அவள் கைக்கு வந்தது. எதிரணியின் அந்த இருவரும் நெருங்கினார்கள். நடுவர் கையை வீசி விநாடிகளை எண்ணத் தொடங்கினார்.

அந்தப் பக்கம் வளையத்தின் கீழே நிற்க வேண்டிய எப்சிபா, நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடி வந்தாள்.

"நீ எங்கட்டி வார? போ!"

"நீங்க கையைத் தூக்குனீங்கல்லக்கா. குடுங்க."

"உனக்குக் கொண்டு போகத் தெரியாதுட்டி."

"தெரியாதுக்கா. குடுங்க."

நடுவரின் கை இன்னொரு முறை வீசியது.

தனக்கொடி கொடுத்தாள். நம்பிக் கொடுக்கவில்லை. முடியாமல் கொடுத்தாள்.

எப்சிபா தட்டினாள். பந்து அவள் தோள் வரை எழும்பியது. அடுத்த தட்டில் முழங்காலில் பட்டு விலகியது. துரத்திப் போய் மறுபடி தட்டினாள். எப்படியோ நேரத்துக்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

தனக்கொடி பின்னால் ஓடவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினாள்.

அவளைக் காவல் காத்த இருவரும் போகவில்லை.

"என்னக்கா, முடியலயா?" என்றாள் ஒருத்தி.

"முடியலம்மா."

உண்மையைத்தான் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை. ஏதோ தந்திரம் என்று நினைத்து இன்னும் ஒட்டி நின்றார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நால்வரைத் தடுக்க மூவர்தான் இருந்தார்கள்.

தனக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் போட்டார்கள், எதையும் பார்க்கவில்லை. கூட்டம் கத்தியது. ஹார்ன் அடித்தது. பெஞ்சில் இருந்த இருவரும் துண்டை வீசி எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள்.

ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தார்கள்.

தனக்கொடி மெல்ல நடந்து கோச்சிடம் வந்தாள். அழுகை வந்தது. சந்தோஷமா அவமானமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"நான் இல்லாமலே ஜெயிச்சுட்டாளுவ, கோச்."

பர்வீன் அவளுக்குப் பின்னால் பார்த்தார். அந்தக் கல்லூரிப் பெண்கள் இருவரும் அவள் நின்ற இடத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருந்தீங்களேக்கா" என்றார்.