கை இல்லாத பத்து விண்வெளி வீரர்கள்

விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஏகாம்பரத்துக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் பாத்திரக்கடையில் எடை போடும் வைத்தி. இன்னொருவர் கலியபெருமாள். அவர் என்ன வேலை செய்தார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது, ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். மூன்று பேருமே நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். வினையே அங்கேதான் இருந்தது.

ஏகாம்பரத்தின் மனைவி வளர்மதிக்கு நெய்வேலியில் ஓர் அண்ணன், தனசேகரன். சீட்டு, கேரம், செஸ் எதிலும் ஏகாம்பரம் அவரை ஜெயித்தது கிடையாது. இந்த முறை தனசேகரன் புதிதாக ஒரு விளையாட்டைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் உயரத்தில் விண்வெளி வீரர்கள். பாகம் பாகமாக வருவதை நாமே ஒட்டிச் சேர்த்து, வண்ணம் அடித்து, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பத்து வீரர்கள் உள்ள பெட்டி ஒன்றை மாப்பிள்ளைக்கு அனுப்பி, செய்முறை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தன் கைப்படத் தமிழில் எழுதியும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டி. தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று போனில் பேசி முடித்தார்கள். தனசேகரனுக்கு மீசையே கிடையாது என்பது ஏகாம்பரத்துக்கு அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஏகாம்பரத்தின் வீட்டில் பெட்டியைப் பிரித்தார்கள். வீரர்களின் தலை, கால், கை எல்லாம் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் ஜன்னல் கம்பி மாதிரி கோத்துக்கொண்டிருந்தன. தனசேகரனின் முதல் வரி: "சட்டத்திலிருந்து பாகங்களைப் பிரிக்கவும்."

கலியபெருமாள் அதை இரண்டு முறை படித்தார். "பாகம் பிரிக்கிறது, சட்டம்னு எல்லாம் வருது. இது நாம கை வைக்கிற காரியமில்லை. வக்கீலைக் கேட்டுடுவோம்."

பக்கத்துக் கட்டடத்து வக்கீல் கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, பாகம் பிரிப்பதென்றால் சம்பந்தப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும், ஒருவர் விட்டாலும் செல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார்கள். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. கையெழுத்துப் போட வீரர்களுக்குக் கை வேண்டும். கையோ சட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கையை எடுக்க வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும். சாயங்காலம்வரை பேசியும் வழி பிறக்கவில்லை. காபி கொண்டுவந்த வளர்மதி, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நகவெட்டியை எடுத்து எல்லாப் பாகங்களையும் நறுக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அது செல்லுமா செல்லாதா என்ற கவலையோடுதான் மூவரும் அன்றைக்குத் தூங்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஒட்டும் வேலை. தலையை உடம்பில் ஒட்டினார்கள், துப்பாக்கி பிடித்த கைகளைத் தோளில் ஒட்டினார்கள். பத்து வீரர்களும் பார்க்க லட்சணமாக நின்றார்கள். வைத்தி அடுத்த வரியைப் படித்தார்: "பசை காய்ந்ததும் கையை எடுத்துவிடவும்."

மூவரும் வீரர்களின் தோள்களைப் பார்த்தார்கள்.

"இப்பத்தானே ஒட்டினோம்," என்றார் ஏகாம்பரம்.

"வெத்தலையைக் காம்போடதான் விக்கிறாங்க. நாம கிள்ளிப் போட்டுட்டுத்தானே போடுறோம்?" என்றார் வைத்தி.

பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் கைகள் சுலபத்தில் வரவில்லை. கலியபெருமாள் குறடு வைத்து, ஒவ்வொரு வீரனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருபது கைகளையும் பிடுங்கினார். அவற்றைத் துப்பாக்கிகளோடு ஒரு டம்ளரில் போட்டு மூடி வைத்தார்கள்.

சனிக்கிழமை வண்ணம் அடிக்கும் வேலை. அதற்கு எழுதியிருந்தது: "உலர்ந்த தூரிகையால் மெல்லத் தடவிக்கொடுக்கவும்." வண்ண டப்பாக்களைத் திறக்கவே இல்லை. மூவரும் காய்ந்த தூரிகையால் வீரர்களின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நேற்றைய வலிக்கு இதமாக இருக்கத்தான் மச்சான் இப்படி எழுதியிருக்கிறார் என்றார் ஏகாம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தனசேகரன் வந்தார். சிவப்பும் பொன்னிறமுமாக அவருடைய படை மேசையின் ஒரு பக்கம் மின்னியது. எதிர்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் பத்து மொட்டை உடம்புகள்.

"கையெல்லாம் எங்க மாப்பிள்ளை?"

"டம்ளர்ல பத்திரமா இருக்கு மச்சான்."

தனசேகரன் மேற்கொண்டு கேட்கவில்லை. பகடையை உருட்டினார், சுட்டார். பத்து மணிக்குள் பத்துப் பேரும் மல்லாந்து கிடந்தார்கள். அவர் எழுந்து சோம்பல் முறித்து, சவரக்கத்தி இருக்கிறதா என்று கேட்டார். ஏகாம்பரத்தின் கை தானாக மீசைக்குப் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை.

அப்போது கலியபெருமாள் காகிதத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டினார்: "எதிரி கையைத் தூக்கும்வரை ஆட்டம் தொடரும்."

மூவரும் குனிந்து பத்து வீரர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

"சரி, அவங்களுக்குப் பதிலா நீங்க தூக்குங்க," என்றார் தனசேகரன்.

"நான் எப்படி மச்சான் தூக்க முடியும்? எதிரின்னு எழுதியிருக்கீங்க. நான் உங்க தங்கச்சி புருஷன்."

ஆட்டம் தொடர்ந்தது. தனசேகரன் விழுந்து கிடந்தவர்களையே திரும்பத் திரும்பச் சுட்டார். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. உள்ளேயிருந்து பிரியாணி வாசனை வந்தது. ஆட்டம் முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்று மூவரும் மரியாதையாக அவரை உட்கார்த்தி வைத்தார்கள். இரண்டரை மணிக்குத் தனசேகரன் பகடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

"நானே தோத்துட்டேன். ஆளை விடுங்கப்பா."

சொல்லிவிட்டு நேராகச் சாப்பிடப் போய்விட்டார். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. மச்சானை முதல்முதலாக ஜெயித்திருக்கிறார். ஆனாலும் சொன்னதைச் செய்ய வேண்டுமே.

"எந்த ஆளை விடச் சொல்றாரு?" என்று வைத்தி கேட்டார்.

தேடிப் பார்த்ததில், தனசேகரனின் படைத்தலைவன் சண்டைச் சுவாரசியத்தில் நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான். கைதி என்றால் இவன்தான். மூவரும் அவனைக் கைக்குட்டையில் ஏந்திப் பஸ் நிலையத்துக்குப் போய், நெய்வேலி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்தார்கள்.

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். படைத்தலைவர் ஆயிற்றே, முழு டிக்கெட்தான் என்றார் ஏகாம்பரம். உயரத்தைப் பார்த்தால் அரை டிக்கெட் என்றார் கலியபெருமாள். வைத்தி சட்டைப்பையிலிருந்து பெட்டியின் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இதுல பாருங்க சார், பிறந்தது மூவாயிரத்து நூத்தி இருபதாம் வருஷம்னு போட்டிருக்கு. இவர் இன்னும் பிறக்கவே இல்லை. டிக்கெட் கிடையாது."

கண்டக்டர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "அப்ப பொறந்ததுக்கப்புறம் ஏறச் சொல்லுங்க," என்று விசிலை ஊதினார்.

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. மூவரும் படைத்தலைவனோடு கீழே இறங்கி நிழலான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். வைத்தி மட்டும் எழுந்துபோய், அந்த வருஷம் நெய்வேலிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.