கீழ்ப் பல், மேல் வலி

மாசானமுத்துவுக்கு முதலில் அநியாயம் செய்தவன் அகிலன். பல் மருத்துவக் கல்லூரியில் நாலாம் வருஷம் படிக்கிறவன். சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான்.

அந்த நல்ல பல்லை மாசானமுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினோரு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது.

சொத்தைப் பல்லும் வாயில் அப்படியே இருந்தது. அதை யாரையும் அவர் தொட விடவில்லை.

செவ்வாய்க்கிழமை தவறாமல் பேராசிரியை வகிதாவின் அறை வாசலில் வந்து நிற்பார்.

"டாக்டரம்மா, அவன் என் மூஞ்சியப் பார்த்து 'தப்பு என்னுது'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் வாயைத் திறப்பேன்."

"அதுவரைக்கும் வலிக்குமே."

"வலிக்கட்டும். என் வலி, நான் பார்த்துக்கிடுதேன்."

வகிதா எல்லா வாரமும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். இந்த வாரம் சும்மா இருக்கவில்லை.

"எப்படிச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க சரியான பல்லைக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு ஆராய்ச்சி பண்றேன். அதுக்கு ஒரு வாய் வேணும்."

"என் வாய்தான் கெடைச்சுதா?"

"இவ்வளவு கோபமான வாய் வேற கெடைக்கலை."

"பிடுங்குவாங்களா?"

"மாட்டாங்க. எக்ஸ்ரேயும் கிடையாது. பார்த்துட்டு, எந்தப் பல்லை எடுக்கணும்னு எழுதி மட்டும் கொடுப்பாங்க."

"அவன் வருவானா?"

"வருவான்."

மாசானமுத்து நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார்.

முதலில் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவராக. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எங்கே வலிக்குது ஐயா?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் மட்டும், காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டது. நல்ல வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பன்னிரண்டு பேர் வேறு மாதிரி. ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் பல் பல்லாகத் தட்டினார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒவ்வொன்றிலும் வைத்தார்கள். ஒரு இடத்தில் வைக்கும்போது மட்டும் அவர் துள்ளி எழுந்தார்.

"ஏல, வாய் இருக்கவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவ?"

"கேக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க ஐயா."

அந்தப் பன்னிரண்டில் கடைசியாக வந்தவன் அகிலன்.

மாசானமுத்து அவனை முறைத்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பல்லை மட்டும் பார்த்தான். மேல் வரிசை முழுவதும் தட்டினான். கீழே வந்தான். வலதுபக்கக் கடைசிக்கு முந்திய பல்லில் பஞ்சை வைத்ததும் அவர் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

பிடித்த கையை விடவில்லை.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அகிலனின் உதடு அசைந்தது.

"வாய் கொப்பளிச்சுக்கோங்க ஐயா," என்றான்.

கையை உருவிக்கொண்டு போனான்.

வகிதா ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். அதில் மாசானமுத்துவின் வாய் படமாக வரையப்பட்டிருந்தது. பிடுங்கச் சொன்ன பல்லிலெல்லாம் சிவப்புப் புள்ளி.

கேட்காமல் தட்டியவர்களின் புள்ளிகள் பதினொன்று கீழ்ப் பல்லில் விழுந்திருந்தன. அகிலனுடையதும் அங்கேதான். கேட்டு எழுதியவர்களின் புள்ளிகள் ஒன்பது மேலே, பிடுங்கிய பள்ளத்தை ஒட்டி நின்ற பல்லில்.

"இது நல்ல பல்லுல்லா? இதையும் பிடுங்கவா எழுதியிருக்காங்க?"

"ஆமா."

"எவன் சொன்னான் இவங்களுக்கு?"

"நீங்க."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வலி எங்கே, காட்டுங்க," என்றார் வகிதா.

விரல் போனது. மேலே, பள்ளத்துக்குள் போய் நின்றது.

"அங்கே பல்லே இல்லையே ஐயா."

மாசானமுத்து விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே விட்டார். அதே இடம்.

"இங்கனதான் வலிக்கி," என்றார்.

"வலிக்கும். சில சமயம் கீழ்ப் பல் கெட்டா மேலே வலி தெரியும்."

"அப்போ என் விரல் பொய் சொல்லுதா?"

"இல்லை. அங்கேதானே வலிக்குது."

"அப்போ அவன் செஞ்சது சரியா?"

"இல்லை. நல்ல பல் போயிடுச்சே."

"என்னம்மா, அங்கயும் இல்ல, இங்கயும் இல்லங்கீக. தப்பு யாருது?"

வகிதா கையுறையைக் கழற்றினார்.

"நோயாளி காட்டுற இடத்தை நம்புன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்லிக் கொடுத்தது நான். அகிலனுக்கும் நான்தான். தப்பு என்னுது."

பதினோரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. மாசானமுத்து அது உள்ளே இறங்குமா என்று பார்த்தார். இறங்கவில்லை.

"நீங்க ஏம்மா சொல்லுதீக? நான் உங்ககிட்ட கேக்கலையே."

"அன்னைக்கு அவன் பக்கத்தில இருந்தது நான்தான்," என்றார் வகிதா.

மாசானமுத்து தீப்பெட்டியைத் திறந்தார். பல்லைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி போட்ட அட்டையைப் பார்த்தார். பெட்டியை மூடினார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். விரல் தானாக மேலே கிளம்பியது. மற்றக் கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டார்.

"தட்டிப் பாருங்க," என்றார். "ஆனா அவன் இன்னும் சொல்லலை."

"சொல்லலை," என்றபடி வகிதா புதுக் கையுறையை மாட்டினார்.