ஸ்கூட்டரும் வழிவிடவில்லை

ஊருக்குக் குடிதண்ணீர் யாரால் நின்றது என்பது நகராட்சி ஆபீசில் எல்லோரும் அறிந்த சங்கதி. தன் மச்சானுக்குக் கான்ட்ராக்ட் இல்லாத பட்ஜெட் என்றதும் நகராட்சித் தலைவர் கூட்ட அரங்கைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். கவுன்சிலர்கள் வாசலில் நின்றார்கள். பட்ஜெட் நிறைவேறவில்லை, கரண்ட் பில் கட்டப் பணமில்லாமல் பம்பு ஓடவில்லை.

நிருபர் பொன்னெழில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் சிதம்பரேசன் ஸ்கேல் வைத்து இரு தரப்புப் படங்களையும் ஒரே அளவாக்கி, ‘பட்ஜெட்: இரு தரப்பும் பிடிவாதம்’ என்று தலைப்புப் போட்டார். “நடுநிலை முக்கியம்மா.”

அன்று மாலையே தலைவரின் கார், பத்திரிகை ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்த ஆசிரியரின் ஸ்கூட்டரை நசுக்கிவிட்டுப் போனது.

“முதல் பக்கத்துல போடு,” என்று கொதித்தார் ஆசிரியர்.

எழுதினாள். காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே அளவில் படம். ‘வழிவிட இரு தரப்பும் மறுப்பு.’

“அது சும்மா நின்ன வண்டிம்மா.”

“கவுன்சிலர்களும் வாசல்ல சும்மாதான் சார் நின்னாங்க.”

ஆசிரியர் பேனாவை எடுத்தார். ஸ்கூட்டர் செய்தியை மட்டும் திருத்தினார்.

மறுநாள் காய்ந்த குழாயடியில் ஊரே பேப்பர் படித்தது. ஸ்கூட்டருக்காகத் தலைவரைத் திட்டியது. தண்ணீருக்காக இரு தரப்பையும் திட்டியது. பொன்னெழிலும் குடத்தோடு அந்த வரிசையில்தான் நின்றாள்.