பொன்பொட்டுப் பூவுக்கு ராஜ மரியாதை

“ராஜாவுக்கு ஒரு பூ பிடிச்சுப்போச்சுன்னா...” என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார். மீதி வாக்கியம் மறந்துபோயிற்று. கதை மட்டும் நிற்கிறது.

வெகு காலத்துக்கு முன்பு நெடும்பாறை நாட்டை மருதவர்மன் ஆண்டுவந்தார். நினைத்தது அன்றைக்கே நடந்தாக வேண்டும் அவருக்கு. ஒருமுறை மலையுச்சிக்குப் போனவர், சரிவெங்கும் பொன்பொட்டுப் பூவைக் கண்டார். சூரியகாந்தியை நகமளவுக்குச் சுருக்கியது போன்ற மஞ்சள் பூ.

“அத்தனையும் என் நந்தவனத்துக்கு வரட்டும்!”

வண்டி வண்டியாகப் பெயர்த்து வந்தார்கள். பராமரிக்க மலைக்காரி மாதியையும் கூட்டிவந்தார்கள். வெள்ளித் தொட்டி, பசும்பால், பன்னீர். பத்தே நாளில் எல்லாம் கருகிவிட்டன.

செடியைப் பற்றி மன்னர் மாதியிடமே கேட்டுக்கொண்டிருந்தது நந்தவன அதிகாரி பூவராகனுக்குப் பொறுக்கவில்லை.

“சூனியம் வைத்துவிட்டாள், மகாராஜா! ராஜ மரியாதை கிடைத்தும் வாடுமா ஒரு செடி?”

“வெட்டுங்கள் அவள் கையை!” என்று மன்னர் சீறினார்.

மந்திரி அறவாழி எழுந்தார். “ஒரு சோதனை, மன்னா. பூவராகனாரை மலையுச்சியில் உட்காரவைத்து நம் ஊர் மரியாதை எல்லாம் செய்வோம். அவர் வாடாவிட்டால் இவள் சூனியக்காரிதான்.”

“மரியாதை எனக்குக் கசக்குமா!” என்று பூவராகன் பல்லக்கில் ஏறினார். மன்னரும் மந்திரியும் மாதியைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்கள்.

உச்சியில் பனிக்காற்று. அவர் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் சந்தனம் பூசினார்கள். குடம் குடமாக இளநீர். இரண்டு பக்கமும் சாமரம். உச்சிப்பொழுதுக்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது.

“போ... போதும்! செத்துடுவேன்யா!”

“ஐயோ, யார் வைத்த சூனியம்?” என்றார் மந்திரி.

“சூனியமாவது மண்ணாவது! குளிருய்யா! கம்பளி கொடுங்க!”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மாதியை விடுவித்தார். அப்புறந்தான் சரிவைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை குழிகள்.

“வர்ற வருஷம் பூத்துவிடும், இல்லையா அம்மா?”

“எப்படிச் சாமி? பூ முத்தி, பஞ்சாகி, காத்துல பறந்தாத்தான் விதை விழும். பஞ்சு பறக்காம நாங்க ஒண்ணைக்கூடத் தொட மாட்டோம். உங்க ஆளுங்க பூவோட பிடுங்கிட்டாங்க.”

“முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன் சாமி. அன்னிக்கு மேளம் அடிச்சிட்டிருந்தாங்க.”

மன்னர் ஒரு குழியருகே குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“ஒன்றுகூடவா மிச்சமில்லை?”

மாதி தயங்கினாள். “ஒரு பாறை இடுக்குல நாலு செடி நிக்குது. எந்தப் பாறைன்னு கேட்காதீங்க.”

பூவராகன் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “ஆணையிடுங்கள் மகாராஜா, சொல்லித்தானே ஆக வேண்டும்!”

மந்திரி மன்னர் முகத்தையே பார்த்தார்.

எந்தப் பாறை என்று மன்னர் கேட்கவில்லை. மலையிறங்கினார்.