உச்சி மடத்துப் பலாச்சுளை

"அம்மா, இந்த வருஷம் வெறுங்கையோடதான் வந்திருக்கேன்" என்றார் சடையாண்டி.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. நடுமலையில் மூன்று ஏக்கர் பலாத்தோப்பு. ஆனி பிறந்ததும் முதல் பழத்தைத் தலையில் சுமந்து உச்சி மடத்துக்கு ஏறுவது அவர் குடும்பத்து முறை. உச்சியில் குளிர் அதிகம், பலா வராது. அதனால் மடத்தில் அந்தப் பழத்துக்குத் தனி மவுசு. சுமந்து வருகிறவருக்கும்தான்.

மடத்துத் தவமணியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தாலென்ன, சடையாண்டிக்கு அவர்தான் குரு.

"ஏன், என்னாச்சு?"

"மூணு வருஷமா மழை சரியில்ல. வெயிலா அது, அடுப்பு! பிஞ்செல்லாம் கருகி உதிருது. பதினோரு மரம் நின்னபடியே பட்டுப்போச்சு. நான் என்ன பாவம் செஞ்சேன்னு நீங்கதான் சொல்லணும். பேசாம தோப்பை வித்துட்டு மக வீட்டோட போயிடலாமான்னு இருக்கு."

தவமணியம்மா உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். தட்டு நிறையப் பலாச்சுளை.

"சாப்பிடுங்க."

சடையாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. எவனோ முந்திக்கொண்டான்! ஆனாலும் குரு கொடுத்ததை மறுக்க முடியுமா? ஒரு சுளையை வாயில் போட்டார். பொல்லாத இனிப்பு.

"யாரு கொண்டாந்தது?"

"நீங்கதான்."

"என்னம்மா, கேலி பண்றீங்களா?"

தவமணியம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் பின்புறம் நடந்தார். பின்னாலேயே போன சடையாண்டி அப்படியே நின்றுவிட்டார்.

பலா மரம். அடிமரத்தில் இன்னும் இரண்டு பழம்.

"நீங்க கொண்டுவர்ற பழத்தோட கொட்டையை இங்கதான் கொட்டுவோம். முன்னெல்லாம் முளைக்கும், பனியில செத்துப்போகும். இப்ப எங்க அந்தப் பனி? பத்து வருஷம் முன்னால முளைச்சது சாகல. இதுதான் முதல் காய்ப்பு."

சடையாண்டி மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேரப்பிள்ளையைக் கண்டதுபோலச் சிரிப்பு பொங்கியது, கண்ணும் நிறைந்தது.

"கழுதை! சொல்லாமக் கொள்ளாம மலையேறி வந்துருச்சே!"

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது.

"இது இங்க வந்துருச்சு. அங்க என் மண்ணு என்னம்மா ஆகும்?"

"அங்க என்ன முளைக்குது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"களைதான். குரங்குங்க அடிவாரத்துல புளியம்பழம் தின்னுட்டு வந்து கொட்டையைத் துப்பிட்டுப் போகுது. எங்க பார்த்தாலும் புளியங்கன்னு. மழை இல்லாட்டியும் தளதளன்னு நிக்குது. பலாத்தோப்புல புளிக்கு என்ன வேலை? மாசாமாசம் வெட்டிப் போடுறேன்."

தவமணியம்மா பலாவை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லவேளை, எங்க சமையக்காரருக்கு முளைச்சதை வெட்டுற பழக்கம் இல்ல" என்றார்.

சடையாண்டி மரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடத் தொடங்கினார்.

"சுளை அப்படியே இருக்கே! எங்க ஓடுறீங்க?"

"இன்னைக்குக் களை வெட்ட மூணு ஆளை விட்டுட்டு வந்திருக்கேன் தாயே!"