தலைச்சன் பெற்றவளின் கை

கரக்... கரக்... கரக்.

விளக்கணைத்த பிறகு நுணாவூரில் இந்தச் சத்தம் கேட்டது. யானைக்குப் பட்டம் கட்டி மனிதனுக்கு வரி போட்ட ஒரு ராஜாவின் காலம் அது. அந்த ஊர் வீரர்கள் முதல் நாள் போர்வையை இழுத்து மூடினார்கள். இரண்டாம் நாள் மந்திரவாதியைத் தேடினார்கள். மூன்றாம் நாள் தீப்பந்தம் பிடித்து, மனைவிமாரை முன்னால் விட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

சத்தம் சிலம்பாயி வீட்டிலிருந்து வந்தது. புருஷன் படைக்குப் போயிருந்தான். கைக்குழந்தையோடு அவள் தனியாக இருந்தாள். தலைச்சன் பிள்ளை, அதாவது முதல் பிள்ளை, பெற்றவள் கையால் கல்லில் உரைத்த மருந்துதான் பலிக்கும் என்பது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் தலைச்சன் பெற்றவள் அவள் ஒருத்திதான். காலையில் நாட்டாமைக்கு அஜீரணம், மத்தியானம் அவர் மனைவிக்குத் தலைவலி, சாயங்காலம் அவர் மாட்டுக்கு இருமல். எல்லாவற்றுக்கும் சிலம்பாயிதான் உரைத்தாள். மறுத்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று அவளுக்குப் பயம்.

எட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடியபடி, தூங்கிக்கொண்டே, மருந்துக் கல்லில் ஒரு கொட்டாங்கச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா, பேயில்லை!" என்றார் நாட்டாமை. "தூக்கத்திலும் உரைக்கிறாளே, உத்தமி! இனி ராத்திரியும் வரலாம்."

வந்தார்கள்.

ஒரு விடியற்காலையில் குழந்தை வயிறு வலித்து வீறிட்டது. இமை பிரியாமல், கைக்கு அகப்பட்டதை எடுத்து உரைத்தாள் சிலம்பாயி. பிள்ளை வாயில் தடவுமுன் தன் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். குடலைப் பிடுங்கும் கசப்பு. எட்டிக்கொட்டை! முழங்கால் வலிக்குப் பூச நாட்டாமை கொடுத்திருந்த விஷக்கொட்டை. துப்பினாள். வாய் கொப்பளித்தாள். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

வாசலில் அதற்குள் மருந்துக்குக் கூட்டம்.

"அய்யா, தூக்கக் கலக்கத்துல என் பிள்ளைக்கு எட்டியைக் கொடுக்கப் பார்த்தேன். இன்னைக்கு விடுங்க. நான் தூங்கணும்."

"ஐயையோ, எட்டியா!" பதறிப்போனார் நாட்டாமை. "அப்போ எங்களுக்கு உரைக்கிறப்போ பார்த்து உரைக்கணும், ஆமா!"

"பிள்ளை பெத்தவளுக்குத் தூக்கம் என்னடி தூக்கம்?" என்றாள் அவர் மனைவி, கொட்டாவி விட்டபடி. "நானும் நாலு பெத்தேன்."

"அந்த நாலுக்கும் யாரு பெரியம்மா மருந்து உரைச்சா?"

பின்னால் நின்ற வேலைக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சிலம்பாயி மருந்துக் கல்லைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். "கல்லு இது. கை உங்களுக்கும் ரெண்டு ரெண்டு இருக்கு."

"ஊர் என்ன சொல்லும் தெரியுமா?" என்று கத்தினார் நாட்டாமை.

"நான் தூங்கி எழுந்தப்புறம் சொல்லச் சொல்லுங்க."

கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா: ஓய்வில்லாமல் ஊருக்கு உழைக்கிற கை, ஒருநாள் சொந்தப் பிள்ளைக்கே விஷம் ஊட்டிவிடும்.

சிலம்பாயி உள்ளே போனாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.